மட்டன் ரோல்ஸில் ஓடிய பந்தய ட்ரக்

ஸ்காபரோவிலிருந்து காலையில் போய் இரவு திரும்பக்கூடிய இடம் ஏதும் சொல்லுங்கள் என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். நீர்வீழ்ச்சியையும் ஆப்பிள் தோட்டத்தையும் எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை, ட்ரக் பந்தயம் பார்க்கப் போன கதை. எனக்குச் சத்தம் ஆகாது. பெற்றோல் மணம் அதைவிட ஆகாது. ஆனால் மலர் கூப்பிட்டால் தப்ப முடியாது.

மலர் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு மேல்வீட்டுக்காரி. கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். கணவர் சிவம் அண்ணை ஒரு கராஜில் அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துபவர். பழைய இரும்புக் கடையில் கிடந்த பிக்கப் ட்ரக் ஒன்றை இழுத்துவந்து, உள்ளே இரும்புக் குழாய்க் கூடு பொருத்தி, பந்தய வண்டியாக்கியது அவர்தான். முதலில் ஓட்டியதும் அவர்தான். தலை சுற்றி இறங்கிவிட்டார். "அப்ப நான் ஓட்டுறன்" என்று மலர் ஏறினாளாம். பின்னால் பிள்ளைகள் கத்தாமல் வண்டி ஓட்டுவது அவளுக்குச் சொர்க்கமாம்!

காசு கொடுத்து ஆதரிக்க ஒருவரும் இல்லை. எங்கள் பிளாசாவின் சாப்பாட்டுக் கடைக்காரர் மட்டும், கடைப் பெயரை ட்ரக்கின் கதவில் எழுதினால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் இரண்டு பெட்டி மட்டன் ரோல்ஸ் தருவதாக ஒப்புக்கொண்டார். சிரிக்காதீர்கள், அந்த ரோல்ஸில்தான் அணி ஓடியது. மற்ற அணிகள் கழற்றிப் போடும் பாதி தேய்ந்த ரயர்களை, இவர்கள் ரோல்ஸ் கொடுத்து வாங்கிவிடுவார்கள். வெள்ளைக்காரர்கள் ரோல்ஸுக்காகவே நல்ல ரயரையும் கழற்றியிருப்பார்கள் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

ஆனால் பந்தயம் நடக்கும் மைதானத்தில் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து மூன்று பந்தயங்களில் ஒன்றைக்கூட ஓடி முடிக்காத வண்டிக்கு அந்த வருடம் இனி இடமில்லை. இவர்கள் ஏற்கெனவே இரண்டைத் தவறவிட்டிருந்தார்கள். ஒன்றில் எஞ்சின் கொதித்தது, மற்றதில் சில்லு கழன்றது. "இண்டைக்கும் முடிக்காட்டி உந்த ட்ரக்கை இரும்புக் கடைக்குத்தான் குடுக்கவேணும்" என்றாள் மலர், ட்ரக்கை இழுக்கும் வான் வண்டியில் ஏறும்போதே. சிவம் அண்ணை ஒரு பையைக் காலடியில் வைத்துக்கொண்டார்.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போய் வடக்கே திரும்பினால் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். ட்ரக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனதால் எங்களுக்கு இரண்டு மணித்தியாலம். உங்களுக்கு அவ்வளவு நேரம் எடுக்காது. நுழைவுக்கு அப்போது பத்து டொலர். வழியெல்லாம் சோளம், சோளம், பிறகும் சோளம். எவ்வளவு தூரம் என்று நான் கேட்ட போதெல்லாம், "இந்தா வந்திட்டுது" என்றார் சிவம் அண்ணை.

தோல்விக்கெல்லாம் யாரோ கண்பட்ட நாவூறுதான் காரணம் என்று அவர் முடிவுகட்டியிருந்தது எங்களுக்குத் தெரியாது. வண்டிகள் மைதானத்துக்குள் போகும் ஒழுங்கையில், ட்ரக்கின் மூக்குக்கு நேரே நின்று, பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். பக்கத்தில் பெற்றோல் பீப்பா! பாய்ந்து பறித்தேன். அதற்குள் தேங்காயை ஓங்கி அடித்துவிட்டார். சிரட்டைத் துண்டுகள் நாலாபக்கமும் தெறித்தன. ஓர் ஆணி கிடந்தாலே ரயர் வெடிக்கும் இடம் அது. சிவப்புத் தொப்பி போட்ட அதிகாரி கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"பிளெஸ்ஸிங், சேர், பிளெஸ்ஸிங்!" என்றார் சிவம் அண்ணை.

அதிகாரி மசியவில்லை. ஒரு துண்டு விடாமல் பொறுக்க வேண்டும், வண்டி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். "உங்களுக்கு மூளை கழண்டு போச்சே? வீட்டு வாசலிலை உடைச்சிருக்கலாமெல்லோ!" என்று மலர் தலைக்கவசத்துக்குள்ளிருந்து பொரிந்தாள். நாங்கள் முழங்காலில் நின்று பொறுக்கினோம். பக்கத்து அணிக்காரர்களும் வந்து பொறுக்கினார்கள், நல்ல மனிதர்கள்.

பந்தயம் முப்பது சுற்று. நான்காவது சுற்றில் முன்னால் இரண்டு வண்டிகள் முட்டின. பின்னால் வந்தவையும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின. கடைசியில் வந்த மலர் தூரத்திலேயே கண்டு, வேகத்தைக் குறைத்து, ஓரத்தால் விலத்திப் போனாள். அப்பாடா என்று மூச்சு விட்டால், எஞ்சின் மூடியிலிருந்து ஆவி! "மெதுவா விடடி, மெதுவா விடு!" என்று சிவம் அண்ணை கம்பிவேலியைப் பிடித்து உலுப்பினார். அவளுக்கு எங்கே கேட்கும்? ஆனால் அவளே மெதுவாக்கினாள். எல்லோரும் தன்னைக் கடந்து போக விட்டாள். வென்றவன் கொடியைத் தாண்டிய பிறகும் அவள் எதிர்ப்பக்க வளைவில், புகைக்குள். சத்தம் ஆகாத நான் தொண்டை கிழியக் கத்தினேன். ட்ரக் உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டி, அங்கேயே நின்றது. ஓடி முடித்தவர்கள் எட்டுப்பேர்; மலர் எட்டாவது. சிவம் அண்ணை குந்தியிருந்து அழுதுவிட்டார், எனக்கும் கண் முட்டியது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. அந்தப் பக்கம் இப்போதும் இப்படிச் சின்ன மைதானங்கள் உண்டு. காதுக்குப் பஞ்சு கட்டாயம். வெள்ளை உடுப்பு வேண்டாம், ரப்பர்த் தூள் அப்பிவிடும். பொழுதுபட்டால் ஆகஸ்டிலும் குளிரும், ஒரு சுவெற்றர் கொண்டுபோங்கள். பெரிய பெயர் உள்ள அணிகளை மட்டும் பார்க்காதீர்கள். கடைசியாக வருபவர்களின் பக்கம் போய் நில்லுங்கள், அங்கேதான் பந்தயம் நடக்கிறது.

ட்ரக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது சிவப்புத் தொப்பிக்காரர் திரும்ப வந்தார். இன்னும் சிரட்டைத் துண்டு கிடக்கிறதோ என்று நிலத்தைப் பார்த்தோம். அவரோ, "அடுத்த சனிக்கிழமை பார்ப்போம்" என்று மலருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

"ஐயோ, வாற சனி என்ரை மச்சாளின்ரை மகளுக்குக் கலியாணமெல்லோ!" என்றார் சிவம் அண்ணை.

மலர் முகத்துக் கரியைத் துடைத்தாள். "நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு வேலை கிடக்கு."