மாமல்லபுரத்தில் காதில் விழாத கேள்வி

1. எங்கே சாப்பிடக் கூடாது

திருத்தணியில் டிராவல்ஸ் வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான். மலைக்கு வரும் பார்ட்டிகளைவிட, இங்கிருந்து கடலைப் பார்க்கப் போகும் பார்ட்டிகளைத்தான் அதிகம் ஏற்றியிருக்கிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு மலை கூப்பிடு தூரம், கடலுக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டும். ஸ்டாண்டில் புதிதாக வண்டி எடுத்தவர்கள் இன்றும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: மாமல்லபுரத்தில் பார்ட்டியைச் சாப்பிட எங்கே நிறுத்துவது?

எங்கே நிறுத்தக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஐஸ் மேல் மீனை அடுக்கிவைத்து, ‘நீங்களே செலக்ட் பண்ணுங்க சார்’ என்பார்கள். நீங்கள் கை காட்டிய வஞ்சிரம் அங்கேயே படுத்திருக்கும், தட்டுக்கு வருவது அதன் ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய மீனைக் காட்டி ‘காலையில புடிச்சது’ என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மெனு கார்டில் விலை இல்லாத இடத்தில் உட்காரவே வேண்டாம். கடைசியாக, டிரைவருக்கு ராஜ உபசாரம் செய்யும் ஓட்டல். பார்ட்டியைக் கூட்டிவந்த டிரைவருக்கு ஓசியில் சாப்பாடு போடுவது வழக்கம். அதில் நமக்குப் பிரியாணியும் வறுவலும் விழுந்தால், உள்ளே பார்ட்டி தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று அர்த்தம். நமக்கு வெறும் சாம்பாரும் அப்பளமும் போடுகிற ஓட்டல்தான் யோக்கியமான ஓட்டல்.

அந்தச் சாப்பாடும் பின்பக்கத்தில், கை கழுவும் இடத்தை ஒட்டி, சுவரைப் பார்த்துப் போட்ட பெஞ்சில்தான். பார்ட்டியோடு ஒரே மேசையில் டிரைவர் உட்காருவதில்லை. மனைவி போய்ச்சேர்ந்து, பெண்ணை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டிலும் எனக்கு அதே கதைதான். தனியாகச் சாப்பிட்டுப் பழகிவிட்டான் என்று என்னைச் சொல்வார்கள். பழகவில்லை, வேறு வழியில்லாமல் சாப்பிட்டேன்.

2. ஏசியும் ஜன்னலும்

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு டிரிப் வந்தது. மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும். பார்ட்டி ஒரே ஆள். ஏகாம்பரம் என்று பெயர், எழுபது வயதிருக்கும். ஆயுசு முழுக்க விசைத்தறி ஓட்டியவர். வெள்ளை வேட்டி, கையில் பேரனுக்கு ஒரு முறுக்குப் பொட்டலம்.

பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் ரோட்டைப் பார்த்தபடியே, “ஐயா, ஏசி போடட்டுமா?” என்றேன்.

“ஆங்.”

போட்டேன். கொஞ்ச தூரம் போய், “இல்ல, ஜன்னல தொறந்து வுட்றட்டுங்களா?” என்றேன்.

“ஆங்.”

அதற்குப் பிறகு அரக்கோணம் தாண்டி, காஞ்சிபுரம் தாண்டி, நான் எது பேசினாலும் ஒரு ‘ஆங்’தான். பெரிய மனிதர், டிரைவரோடு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார் போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான்.

செங்கல்பட்டில் டீ குடிக்க நிறுத்தினேன். கிளாஸை வாங்கிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றவர், கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: “எத்தினி வருசமா வண்டி ஓட்டிகினு கீற தம்பி?”

சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு சரியாகப் பதில் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே என் உதட்டைக் காட்டினார்.

“காது போய் ரொம்ப நாளாச்சி. தறி ஷெட்டுல நானும் எங்கூட்டுக்காரியும் எதிர் எதிர்ல நின்னு வாயப் பாத்துதான் பேசிக்குவோம். அந்த சத்தத்துல வேற எப்டி பேசறது? அவ இருந்த வரிக்கும் காது தேவப்படல. வண்டில உன் முதுகுதானே தெரியுது, நான் இன்னாத்த கண்டேன்?”

காதுக்கு மெஷின் மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

“பையனுக்குத் தெரியாது. தெரிஞ்சா, கெழவன் ஒண்ணுத்துக்கும் ஆவமாட்டான்னு நெனப்பான்.” குரலை இறக்கியதாக நினைத்துக்கொண்டு அதையும் சத்தமாகவே சொன்னார். “இன்னிக்கி ஏதோ முக்கியமா பேசணும்னு போன்ல எழுதி அனுப்பி கூப்ட்டுகிறான். நீ எங்களோட உக்காரு. எனக்கு எதிர்ல. அவன் தலைய குனிஞ்சிகினு வேகமா பேசுவான், வாய் புடிபடாது. அவன் சொல்றத சத்தமில்லாம வாயால சொல்லு, போதும்.”

சரி என்றேன்.

3. டிரைவர் பெஞ்ச்

மகன் சுரேஷ் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவன். மனைவி, பிள்ளையோடு வந்து கடலோரமாக ஒரு பெரிய ஓட்டலில் டேபிள் போட்டுவைத்திருந்தான். நான் சொன்ன தப்புகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. மீன் புதுசு, கார்டில் விலையும் உண்டு. ஆனால் பகலிலேயே திரையை இழுத்துவிட்டு, மேசைக்கு ஒரு சின்ன விளக்கு வைத்திருந்தார்கள். அந்த மங்கலில் எதிரில் இருப்பவன் மூக்கே தெரியாது. பெரியவர் முகம் விழுந்துவிட்டது.

நான் அவர் பின்னாலேயே உள்ளே போனேன். சூப்பர்வைசர் கை நீட்டி மறித்தான். “டிரைவர் சாப்பாடு அந்தப் பக்கம்.” சுரேஷும் தன்மையாகத்தான் சொன்னான்: “சாப்ட்டுட்டு வாங்கண்ணா, ஒண்ணும் அவசரமில்ல.” பெரியவர் என்னைப் பார்த்தார். காரணத்தைச் சொல்லாமல் என்னை உட்காரவைக்க அவரால் முடியாது. நான் பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். சாம்பாரும் அப்பளமும்தான்.

சாப்பிட்டுவிட்டு வண்டியருகே நின்றபோது சுரேஷ் மட்டும் வந்தான். கண் சிவந்திருந்தது.

“அண்ணா, நாங்க குடும்பத்தோட கனடா போறோம். அடுத்த மாசம். திரும்பி வர்றது சந்தேகம்தான். எப்டி சொல்றதுன்னு பயந்துகினே இருந்தேன். ‘தனியா இருந்துக்குவியா நைனா’ன்னு கேட்டேன். ஆங்ன்னு சொல்லிட்டாரு. சிரிச்சிகினே சொன்னாரு.”

அவருக்குக் காது கேட்காதப்பா என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அது அவர் என்னை நம்பிச் சொன்னது. பெரியவர் பேரன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்து வண்டியில் ஏறினார்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் என் தோளைத் தட்டினார். ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.

“பையன் ரொம்ப நேரம் பேசினான். ஒரு எழுத்து புரியல. எல்லாத்துக்கும் ஆங் ஆங்ன்னு சொல்லிகினு இருந்தேன். உங்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?”

இந்த வேலையில் ஆக்சிடென்ட் சேதியெல்லாம்கூட வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறேன். இது அதைவிடக் கஷ்டம். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையாக, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னேன். கனடா, அடுத்த மாதம், திரும்பி வருவது சந்தேகம். கடைசியில் அவன் கேட்ட கேள்வி, அதற்கு இவர் சொன்ன பதில்.

சொல்லி முடித்த பிறகும் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது வரும் என்பது போல. “வண்டிய திருப்பு” என்றார்.

மகனும் குடும்பமும் அப்போதுதான் மணலில் இறங்கியிருந்தார்கள். பெரியவர் நேராகப் போய் மகனின் தோள் இரண்டையும் பிடித்து, வெயில் அவன் முகத்தில் படும்படி திருப்பி நிறுத்தினார். அலைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். சுரேஷ் திகைத்து நின்றான். அப்புறம் மெதுவாகப் பேசினான். நடுவில் அழுகை வந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பெரியவர் அந்தக் கையைப் பிடித்து விலக்கினார். வாய் தெரிய வேண்டுமே.

திரும்பும்போது முன்சீட்டில் ஏறினார். காஞ்சிபுரம் தாண்டியதும், நான் கேட்காமலே சொன்னார்:

“இருந்துக்குவேன்னுதான் தம்பி சொன்னேன். இந்த வாட்டி தெரிஞ்சி சொன்னேன்.”

சுரேஷ் போய்விட்டான். பெரியவர் அம்மையார்குப்பத்தில் தனியாக இருக்கிறார், நான் திருத்தணியில் தனியாக இருக்கிறேன். இரண்டு பேரும் துணையாகிவிட்டோம் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. இந்த வேலையில் நான் கற்றது ஒன்று உண்டு, அதை மட்டும் எழுதிவைக்கிறேன். ஒற்றை ஆளாக ஒருவர் முழு வண்டி பிடித்தால், அவரை வெளிச்சமுள்ள கடையில் இறக்குங்கள். சூப்பர்வைசர் உங்களைப் பின்பக்கம் கூப்பிடுவான். காது கேட்காத மாதிரி போய் அவர் எதிரில் உட்காருங்கள்.