பொட்டு மறையக் கூடாது என்று சொன்னவன்

"மெஷினுக்குத் தடுப்பு எதுவும் கிடையாதா?" என்று டாக்டர் கேட்டார்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரம். ஸ்ட்ரெச்சரில் என் மனைவி கன்னியம்மாவின் தம்பி எதிராஜ் கண்ணை மூடிக் கிடந்தான். அவனுடைய வலது கையை என் துண்டால் சுற்றியிருந்தேன். துண்டு முழுக்க நனைந்திருந்தது.

"இருக்குது சார். இவன்தான் கயட்டிட்டான்" என்றேன்.

அது பொய். ஆஸ்பத்திரியில் அடிபட்டவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் தகர டப்பாக்களுக்கு மூடி செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் சார்ஜ்மேன், மெஷின் ஆட்களுக்கு மேற்பார்வை. எதிராஜ் பழவேற்காட்டு ஏரியில் வலை வீசிக்கொண்டிருந்தவன். ஏரி கைவிட்ட ஒரு வருஷம், நானே அவனை அழைத்து வந்து பிரஸ் மெஷினில் உட்கார வைத்தேன். தம்பிக்கு மாத வேலை கிடைத்ததில் கன்னியம்மாவுக்கு ஏகப் பெருமை.

காலால் பெடலை மிதித்தால் அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். கை உள்ளே போகாதிருக்க முன்னால் ஒரு கம்பிவலைக் கூண்டு, அதற்கு நாலு போல்ட். ஆயுத பூஜைக்காகக் கூண்டைக் கழற்றித் துடைத்து ஓரமாக வைத்தோம். மெஷினின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே சாமந்தி மாலை போட்டோம்.

மறுநாள் எதிராஜ் ஸ்பானரோடு வந்து நின்றான். கூண்டை மாட்டினால் பொட்டு மறைந்துவிடும். பூஜை முடிந்த மறுநாளே சாமியை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொட்டு தெரியட்டும் மச்சான் என்று சொன்னேன். ஆலையில் எனக்குப் பக்திமான் என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை, காய்ந்த மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து அச்சுக்குக் கீழே விழுந்தது. அவன் எடுக்கப் போனான். இடது கை சும்மாதான் இருந்தது. ஆனால் பூஜைப் பூவை யார் இடது கையால் தொடுவார்கள்? வலது கை உள்ளே போனது. பழக்கத்தில் கால் பெடலை மிதித்துவிட்டது.

ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். டெட்டனஸ் ஊசி (புண் வழியாகக் கிருமி புகுந்து உடம்பை விறைக்க வைக்கும் நோய்க்கான தடுப்பு) போட்டார்கள். பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கையைத் தொங்கவிடாமல் தலையணை மேல் உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். அதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

பத்து நாள் கழித்து, மோதிர விரல் வலிக்கிறது என்று அழுதான். இல்லாத விரல் எப்படி வலிக்கும் என்று நினைத்தேன். டாக்டர் அதை மாய வலி (உறுப்பு போன பிறகும் நரம்பு அதை மறக்காமல் இருப்பது) என்றார். உங்கள் ஆளும் அப்படிச் சொன்னால் நம்புங்கள், கேலி செய்யாதீர்கள்.

ஒரு மாதம் ஆன பிறகு, ஒரு கட்டு மாற்றும் நாளில் கன்னியம்மா தம்பிக்குச் சோற்றை உருட்டி வாயில் கொடுத்துக்கொண்டே திட்டினாள். "உனுக்கு அறிவு கீதாடா? கூண்டை இன்னாத்துக்குடா கயட்டினே?"

அவன் என்னைப் பார்த்தான். சோற்றை மென்றுகொண்டே தலை குனிந்துகொண்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொழிற்சாலையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிய காகிதத்தில் நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தக் காகிதம் மாறாமல் இருந்தால் அவனைத் திரும்ப வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

அவள் பாத்திரம் கழுவப் போனதும், ஏன் சொல்லவில்லை என்று அவனிடம் கேட்டேன். தாழ்வாரத்தில் டாக்டரிடம் நான் சொன்னதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தானாம்.

"அக்கா உங்கூடதானே வாயணும் மாமா" என்றான்.

நான் செத்துப் பிழைத்தது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான். கழுவிய பாத்திரத்தோடு கன்னியம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாதம் எனக்குச் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. மறுநாளே ஆலைக்குப் போய், கூண்டை மாட்ட வேண்டாம் என்று சொன்னது நான்தான் என எழுதிக் கொடுத்தேன். என்னைச் சார்ஜ்மேன் வேலையிலிருந்து இறக்கினார்கள். எதிராஜை ஸ்டோரில் சேர்த்துக்கொண்டார்கள். இதில் என் பெருந்தன்மை எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதை ஒரு மாதம் தாமதமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் வேலையாகக் கூண்டைத் துடைத்து நாலு போல்ட்டையும் நானே முடுக்கினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு எதிராஜைப் பொட்டு வைக்கக் கூப்பிட்டேன். அவன் இடது கையால் குங்குமத்தை எடுத்தான். சாமி காரியத்துக்கு அந்தக் கையா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"இனிமே இதாம்பா எனுக்குச் சோத்தாங்கை" என்று சிரித்துவிட்டு, கூண்டின் சட்டத்தில் வைத்தான்.

எங்கே நின்று பார்த்தாலும் அந்தப் பொட்டு தெரிந்தது. இவ்வளவு சின்ன யோசனை எனக்கு ஒரு வருஷம் முன்னால் வரவில்லை.

வருஷங்கள் போய்விட்டன. இப்போதும் தெருவில் தையல் மெஷின் பெடல் சத்தம் கேட்டால் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. எனக்கு அந்த மூன்றாம் நாள் காலை இன்னும் முடியவில்லை. விரல்கள் இருக்கின்றனவா என்று இடது கையால் தடவிப் பார்க்கிறேன். ஐந்தும் இருக்கின்றன. அதுதான் எனக்குக் கூசுகிறது.