எண்ணெய் படாத பாறை

கோமதி மேடம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி ஆறுமுகம் போனில், "சார், அக்கா போயிட்டா" என்றார். "சரி, சரி" என்றேன். என்ன சரி என்று இன்றைக்கும் தெரியவில்லை. மாதக்கணக்காக எதிர்பார்த்திருந்த செய்திதான். பொறுக்கிய காயைத் தட்டிலேயே போட்டுவிட்டுத் தென்காசி பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் அவர் தவளை, பல்லி, பாம்பு நடத்தினார், நான் பூச்சிகள். அதனால் கடைசிவரை அவருக்கு நான் 'பூச்சி சார்'தான். துறையில் இருந்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவருடைய வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. "ஒங்க பூச்சியெல்லாம் என் தவக்களைக்குச் சோறு சார். அந்த மட்டுக்கு ஒங்களுக்கு மரியாதை" என்பார். மறுபேச்சு பேச விடமாட்டார்.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் அவர் குடும்பத்துத் தென்னந்தோப்பு இருக்கிறது. அதன் பின்னால், மலை தொடங்குகிற இடத்தில் ஒரு சரிவுப் பாறை. சாரல் பிடித்துவிட்டால் மேலிருந்து தண்ணீர் கசிந்து அதன்மேல் மெல்லிசாக வழியும். ஒருநாள் காலையில் என்னை அங்கே அழைத்துப்போய், "பக்கத்துல போயி, அசையாம பாருங்க" என்றார். வெறும் ஈரப்பாறைதான் தெரிந்தது. பிறகு பாறையின் ஒரு துணுக்கு நகர்ந்தது. தலைப்பிரட்டை! குளம் குட்டையில் நீந்தாமல், வழிகிற நீரில் பாறையோடு ஒட்டிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்று வளர்கிற தவளை இனம். வால் நீளம். பின்னங்கால் சீக்கிரமே முளைத்துவிடும். பயந்தால் துள்ளும்.

"தண்ணி கண்ணாடித்தாள் கனந்தான் சார் இருக்கு. அதுக்குள்ளதான் மூச்சு, சோறு எல்லாம். குளிக்கிறவங்க எண்ணெ இதுமேல பரவுனா இதுக எங்கன போவும்?" என்று கேட்டார்.

குற்றாலத்தில் எண்ணெய்க்கு எதிராகப் பேசினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு சீசனில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் போய், பாறையை விட்டுத் தள்ளி உட்காரும்படி கெஞ்சிப் பார்த்தார். ஒருவர் எண்ணெய்க் கையோடு கும்பிட்டு, "எம்மா, எண்ணெ வேண்டாம்னா சனம் குத்தாலத்துக்கு எதுக்கு வருது? நாங்க பிழைக்காண்டாமா?" என்றாராம். கல்லூரிக்கு வந்து மேடம் இதைச் சொன்னார். "அவர் சொல்லுததும் நியாயந்தான் சார். நான் பெரிய அருவிய விட்டுட்டேன். எங்க தோப்புப் பாறை ஒண்ணையாவது காப்பாத்துதேன்" என்றார். அதன்பின் தோப்புக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் சோப்பு டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். பிள்ளைகள் அவருக்குத் 'தவக்களை அத்தை' என்று பெயர் வைத்தார்கள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உடம்பு பாதியாகியிருந்தது. "சாரல் விழுதா சார்? பாறை நனைஞ்சிருக்கா?" என்று கேட்டார். நனைந்திருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, "என் பாறை, என் பாறை" என்று முனகிக்கொண்டே இருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஆறுமுகம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அக்காவின் கடைசி ஆசை அந்தப் பாறைக்குப் போவது என்று அவர் நினைத்துவிட்டார். எனக்கோ அது, பாறைக்கு இனி என்ன ஆகுமோ என்ற கவலையாகக் கேட்டது.

பதினாறாம் நாள் காரியத்தை ஆறுமுகம் அந்தப் பாறையடியிலேயே வைத்தார். வடகரையிலிருந்து சொந்தங்கள் வேனில் வந்திருந்தார்கள். சடங்கு முடிந்ததும் தீட்டுக் கழிய எல்லோர் தலையிலும் எண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிக்க வேண்டும். தூக்குச்சட்டி நிறைய நல்லெண்ணெய் வந்ததைப் பார்த்ததும் ஆறுமுகத்தைத் தனியே கூப்பிட்டேன்.

"குளிக்கிறதை மட்டும் வீட்டுல வச்சுக்கலாமே. இதுமேல எண்ணெ படக்கூடாதுன்னுதான் அக்கா கடைசிவரை கவலைப்பட்டாங்க."

"தெரியும் சார். ஆனா அவளுக்கு இந்த இடம்னா உசுருல்லா. வேற எங்கன வச்சு அனுப்புவேன்? எண்ணெ வைக்காம தீட்டு எப்படிக் கழியும்? பெரியாளுக முன்னால நான் என்னத்தச் சொல்லுவேன்? ஒருநாள்தான சார்."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவைப் பறிகொடுத்தவரிடம் தலைப்பிரட்டைகளுக்காக எவ்வளவு தூரம் வாதாட முடியும்? இன்னொரு முறையும் கேட்டேன். பிறகு ஒரு தென்னையோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அவர்கள் குளித்தார்கள். சீயக்காய் நுரை பாறை முழுக்க இறங்கியது. பிள்ளைகள் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்கள். வயதான அத்தை ஒருவர், "ஏட்டி, இங்கன பாருங்க, புழு மாதிரி என்னமோ துள்ளுது!" என்று காலைத் தூக்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேடம் போனதிலிருந்து அந்த வீட்டார் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும். அதை நான் எப்படிக் குறை சொல்வேன்? கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. துள்ளியவை கீழே ஓடையில் விழுந்தன. இன்னும் கால் முளைக்காதவை என்ன ஆயின என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறுமுகம் ஈரத்தோடு வந்து என் தலையிலும் எண்ணெய் வைத்தார். "நீங்களும் அவகூடப் பொறந்தவர் மாதிரிதான் சார். வாங்க, ஒரு முழுக்குப் போடுங்க" என்றார். தடுமன் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, எண்ணெய் காதோரம் வழிய அப்படியே பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் சட்டையை ஒதுக்கிக்கொண்டார்.

மேடத்தைத் தெரிந்தவர்களே, அவருடைய பாறையை என்னால் ஒருநாள்கூடக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் அங்கே போகக் கிளம்பி, தோப்பு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். அவருடைய வீட்டாருக்கு அன்றைக்கே அந்தத் தண்ணீரில் தீட்டுக் கழிந்துவிட்டது. நான் அதில் இறங்கவில்லை. அவர்கள் கணக்குப்படி எனக்கு இன்னும் கழியவில்லை. மேடத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் தீட்டுதான். இருக்கட்டும்.