அண்ணன் தைத்த குழந்தைப் பை

விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் என் அண்ணனை எல்லோரும் 'ஜிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். சூட்கேஸுக்கு ஜிப் மாற்றுவது தொழில். வாய்க்கும் ஒன்று போட்டிருந்தார். தலைக்கு மேல் நாள் முழுக்க விமானம் போகும். ஒருநாளும் ஏறியதில்லை, அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார். அவருக்கு எதிரே தையல் மெஷினில் நான். பசை வாசனை, கழற்றிப் போட்ட சக்கரங்கள், மூலையில் கரகரக்கும் ரேடியோ. அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த காலம்தான் நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் மகள், வேலைக்குப் போன வெளிநாட்டிலேயே தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணன் திட்டவில்லை, சண்டை போடவில்லை. மருமகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான். அவர் குரல் கேட்டால் போனை அண்ணியிடம் நீட்டிவிடுவார். சரியான கல்லுளிமங்கன்.

பேரன் பிறந்தான். மகள் போனில் சொன்னாள்: "வரணும்னு ஆசைதாம்பா. கூப்பிடாத வீட்டுக்கு அவர் வர மாட்டேங்கறார். தனியா இவனையும் தூக்கிட்டு, பையையும் இழுத்துட்டு எப்படிப்பா? பிளேன்ல பாத்ரூம் போகணும்னா இவனை எங்க வைக்கிறது?"

அண்ணி அழுதாள். அண்ணன் என்னிடம், "கை ரெண்டும் சும்மா இருக்கற மாதிரி, பிள்ளையை மார்புல கட்டிக்கற பை ஒண்ணு தைச்சு அனுப்பிடலாம்" என்றார்.

அன்றிலிருந்து கடைக்கு வந்த பயணிகளைக் கேள்வி கேட்டே குடைந்தெடுத்தார். சோதனை வாசலில் இரும்பு இருந்தால் மணி அடிக்குமாம். பக்கிளெல்லாம் பிளாஸ்டிக் ஆனது. வயிற்றுப் பக்கத்துத் துணியை அவிழ்த்தால் விரிப்பாகும், அதில் போட்டுக் குழந்தைக்குத் துணி மாற்றலாம். பாஸ்போர்ட்டுக்குக் குழந்தையின் முதுகில் ஒரு பாக்கெட். ஒரு மாவு மூட்டையை உள்ளே வைத்து, மார்பில் கட்டிக்கொண்டு சந்தில் நடந்து பார்த்தார். எதிர்க்கடை டீக்காரர், "யார் ஜாடை, ஜிப்பு?" என்று கேட்டார். அண்ணனே சிரித்துவிட்டார்.

பழக்க தோஷம், முதுகுப் பக்கம் சூட்கேஸ் கைப்பிடி ஒன்றையும் வைத்துவிட்டார். "குழந்தைண்ணே அது, பெட்டி இல்ல" என்று சொல்லி அதைப் பிரிக்க வைத்தேன். தோள்வாரில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பக்கிள் வைக்கச் சொன்னேன்.

"நம்மகிட்ட ரிப்பேருக்கு வர்றதே அந்த எழவுதான். நடுவானத்துல நழுவினா?"

"அப்ப அவகிட்ட அளவாவது கேளு."

"எம்பொண்ணு அளவு எனக்குத் தெரியாதா?"

அலமாரியில் தொங்கிய அவளுடைய பழைய மழைக்கோட்டை எடுத்து வந்தார். அதன்மேல் வாரை வைத்துப் பார்த்து வெட்டினார். அந்தக் கோட்டோடு அவள் சொட்டச் சொட்ட நனைந்து கடைக்குள் ஓடிவந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் போகிற பயணி ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். சில நாளில் போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எனக்குப் பத்தலப்பா," என்று சிரித்தாள். "பிள்ளை பெத்தவ, அப்படியேவா இருப்பேன்? தோள்ல ஏறவே மாட்டேங்குது." கொஞ்சம் தயங்கினாள். "அவருக்குத்தான் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. கழட்டவே மாட்டேங்கறார். அதோடயே வீடெல்லாம் சுத்தறார்."

அண்ணி என்னைப் பார்த்தாள். "திருப்பி அனுப்பச் சொல்லுண்ணே, வாரைப் பிரிச்சு நீட்டித் தர்றேன்" என்றேன். அண்ணன் மேஜைமேல் கிடந்த ஒரு பெட்டியின் ஜிப்பைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"பிரிக்க வேணாம்," என்றார். "யாருக்குச் சரியா இருக்கோ, அவரே போட்டுட்டு வரட்டும்."

அவர்கள் வந்த அன்று விமான நிலையத்து வருகை வாசலில் காத்திருந்தோம். மருமகன் ஒல்லியான மனிதர். மார்பில் குழந்தை தூங்க, இரண்டு கையாலும் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்தில் எங்கள் பெண், வெறுங்கையை வீசிக்கொண்டு. அண்ணனைக் கண்டதும் மருமகன் நின்றுவிட்டார். இங்கேயும் இந்த மனுஷன் வாயைத் திறக்காவிட்டால், அவ்வளவு தூரம் வந்தவர் என்ன நினைப்பார்?

அண்ணன் நேரே போய் வாருக்கும் தோளுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். சட்டை விலகிய இடத்தில் தோள் சிவந்து தடித்திருந்தது.

"வழியெல்லாம் அறுத்திருக்குமே, மாப்பிள்ளை," என்றார்.

"பரவால்ல மாமா. உங்க பேரன் நல்லாத் தூங்கினான்."

அண்ணன் குழந்தையை வாங்கப் பக்கிளில் கை வைத்தார். அவர் கையால் பொருத்தியதுதான். அழுத்தினார், இழுத்தார், திறக்க வரவில்லை. மருமகன்தான் திறந்து கொடுத்தார்.