ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊட்டியில் காந்தல் மேட்டுப் படிகளில் கேஸ் சிலிண்டரைத் தோளில் ஏற்றிச் சுமந்து, பிறகு மார்க்கெட் பக்கம் சொந்தமாக அடுப்புக் கடை போட்டேன். சிலிண்டரை ஓர் ஆட்டு ஆட்டினால் போதும், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவேன். நம்பாமல் தராசில் வைத்துப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் கேஸ் ஹீட்டர் முதலில் வந்ததும் என் வீட்டுக்குத்தான்.

வாங்கியது மனைவிக்காக. அவளுக்கு இளைப்பு. மார்கழி வந்தால் நெஞ்சு விசில் அடிக்கும். ஹீட்டரைப் பற்ற வைத்ததும் பழைய சேலையைக் கிழித்து ஜன்னல் சந்திலும் கதவிடுக்கிலும் திணித்துவிடுவாள். மலையில் எல்லாரும் செய்வதுதான். சூடு வெளியே போகக்கூடாது, பனி உள்ளே வரக்கூடாது.

அப்படியும் காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழியும். சுவரோரம் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. பனி எங்கேயோ நுழைகிறது என்று அவள் இன்னும் துணி திணித்தாள். நான் கொத்தனாரைக் கூப்பிட்டு, “சுவரு கட்டுனியா, சல்லடை கட்டுனியா?” என்று கேட்டேன். இளைப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது.

கோயம்புத்தூரில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்த மகள் லீவுக்கு வந்தாள். கண்ணாடியை விரலால் வழித்துப் பார்த்தாள்.

“அப்பா, இது பனி இல்லீங்க. நம்ம கேஸ் எரிஞ்சு வந்த தண்ணி.”

“நெருப்புல தண்ணி வருமா கண்ணு? இதச் சொல்லித் தரத்தான் காலேஜா?”

அவள் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் எழுதினாள். கேஸின் ஒரு துகளில் மூன்று கரி, எட்டு ஹைட்ரஜன். அது எரிய ஐந்து ஜோடி ஆக்சிஜன் வேண்டும். எரிந்தால் கரிக்காற்று மூன்று, தண்ணீர் நாலு. நானும் எண்ணிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

“ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரைக் கிலோவுக்கு மேல தண்ணி வருதுங்கப்பா.”

அங்கேதான் பிடித்தேன். எடையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. “ஒரு கிலோ போட்டா ஒன்றரைக் கிலோவா? எந்தக் கடையில குடுக்கறாங்க, சொல்லு, நானும் போறேன்.”

அவள் சிரிக்கவில்லை. “மிச்ச எடை காத்துல இருந்து வருது. இந்த ரூமு காத்து. அம்மா இழுக்கற காத்து. அது பத்தலீன்னா எரியற கேஸ் விஷக்காத்தாவும் மாறிரும், வாசமே தெரியாது.”

கட்டிலில் இருந்து என் மனைவி, “அப்பனும் மகளுமாச் சேந்து என் மூச்சை எடை போடறீங்களா?” என்றாள். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அன்றைக்கே துணியெல்லாம் பிடுங்கினேன். ஜன்னலைத் திறந்தேன். ஹீட்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். சுவர் காய்ந்தது. அவளும் கொஞ்சம் தேறினாள். ஆனால் நெஞ்சு முன்னமே கெட்டுப்போயிருந்தது என்றார் டாக்டர்.

ஆடி மழையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்கினாள்.

“ஏனுங்க, ஒரே ஒருக்கா அந்த ஹீட்டரைப் பத்த வையுங்க. குளுருதுங்க.”

“வேண்டாம் புள்ளே, காத்து பத்தாது.”

அவள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடேறவில்லை.

நான் செய்தது சரி என்றுதான் மகள் இன்றைக்கும் சொல்கிறாள். சரிதான், நானே எண்ணிப் பார்த்த கணக்கு. ஊரெல்லாம் அடுப்பு விற்றவனின் மனைவி குளிரோடு போனாள்.