சுருளோவியத்தின் வெற்றுத்தாள்

பட்டம் பெற்றபின் இரண்டு ஆண்டுகள், மில்லிக்கன் என்ற புறநகர்ப் பகுதியில் ஒரு பிளாசாவுக்குள் இருந்த, படங்களுக்குப் பிறேம் போடும் கடையில் வேலை செய்தேன். கடை எங்கள் ஊர் அண்ணை ஒருவருடையது. வாடிக்கையாளரில் பாதிப்பேர் சீனர்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு தவணை சீன ஓவிய வரலாறு படித்திருந்ததால், நைந்த ஓவியங்களுக்குப் பின்தாள் ஒட்டும் வேலை என்னிடம் வந்தது.

ஒரு வசந்தத்தில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், காலமான தம் தகப்பனார் வரைந்த சுருளோவியத்தைக் கொண்டுவந்தார். வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றில் வெள்ளம் புகுந்து அது நனைந்திருந்தது. பழுதைத் திருத்தித் தரும்படி கேட்டுவிட்டுப் போனார். மேசையில் வலமிருந்து இடமாக விரித்தேன். மூடுபனி, மலை, ஒரு படகு. படம் முடிந்த இடத்தில் மூன்று பேரின் கையெழுத்துகளும் சிவப்பு முத்திரைகளும். அதற்கப்பால் ஒரு முழத்துக்கு மேல் வெறும் தாள். கறை முழுவதும் அதில்தான். ஓவியம் தப்பியது என்ற ஆறுதலில், கறைபட்ட தாளை அளவுகோல் வைத்து நேராக வெட்டி எடுத்தேன். வெட்டிய துண்டில் பசையைத் தடவிப் பதம் பார்த்தேன்.

வியாழக்கிழமை அவர் தொலைபேசியில் அழைத்தார். அந்த வெற்றுத்தாள் காய்ந்துவிட்டதா, சனிக்கிழமை அம்மாவை அழைத்துவரலாமா என்று கேட்டார். அம்மா அதில் எழுத வேண்டுமாம். தூரிகை பிடிக்க இந்த வருடம் அவருக்குக் கையில் வலு இருக்கிறது. அடுத்த வருடம் இருக்குமோ தெரியாதாம். பிறகு அழைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வகுப்பில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இப்படிப்பட்ட நீளச் சுருளோவியத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. இரு கைகளுக்கும் இடைப்பட்ட அகலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் இறுதியிலுள்ள தாளில் எழுதி முத்திரை வைப்பார்கள். நூற்றாண்டுகள் கடந்து, எழுத்து ஓவியத்தைவிட நீண்டுபோன சுருள்களும் உண்டு. பரீட்சையில் இதைப் பிழையில்லாமல் எழுதியவன் நான். கத்தியைப் பிடித்தபோது கறை மட்டுமே தெரிந்தது.

அண்ணையிடம் சொன்னேன்.

"உதுக்கே முகம் இப்பிடி வெளிறிப்போச்சு? ஈரத்தில பிஞ்சு போச்செண்டு சொல்லு. தண்ணி வந்தது அவற்ர பேஸ்மென்றுக்கதானே."

"அப்ப, தான்தான் கவனமா வைக்கேல்லையெண்டு அவர் நினைப்பாரே, அண்ணை."

"நினைக்கட்டும். நீ போய் உண்மையைச் சொன்னா கடைக்கெல்லோ பேர் கெடும். நாலு சீன ஆக்கள் கதைச்சாக் காணும்."

"தகப்பன்ர படத்தைத் தானே பழுதாக்கினனெண்டு அந்த மனிசன் சாகுமட்டும் நினைக்கோணுமோ?"

அண்ணை ஒரு கண்ணாடியை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "யூனிவேர்சிற்றிக்குப் போன ஆக்களை வேலைக்கு வைக்கக் கூடாது," என்றார். பிறகு தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். "சொல்லு. நான் பக்கத்தில நிக்கிறன்."

சொன்னேன். மறுமுனையில் அவர், மூன்று பேரின் எழுத்தும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். அதே வகைத் தாள் வாங்கி ஒட்டிவைக்கச் சொன்னார்.

சனிக்கிழமை தாயாரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார். மகன் முதலில், புதுத்தாள் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, சட்டைப்பையிலிருந்து தகப்பனாரின் முத்திரைக்கல்லை எடுத்து, பாதி பழைய தாளிலும் பாதி புதிய தாளிலும் படும்படி அழுத்தினார். இனி யாராவது பிரித்தால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்றார். அவர் சிரிக்கவில்லை.

தாயார் ஏதோ கேட்டார். எவ்வளவு வெட்டினாய் என்று கேட்கிறார் என மகன் மொழிபெயர்த்தார். இரண்டு கைகளையும் ஒரு முழத்துக்குச் சற்று அதிகமாக விரித்துக் காட்டினேன். தாயார் என் கைகளைப் பார்த்துவிட்டுத் தூரிகையை மையில் தோய்த்தார்.

எழுதி முடிக்க நெடுநேரம் எடுத்தது. மகன் குனிந்து எனக்கு வாசித்துச் சொன்னார். தண்ணீர் வந்ததும், தாள் வெட்டப்பட்டதும், வெட்டியவரே ஒட்டித் தந்ததும் அதில் இருந்தன. கணவரைப் பற்றி ஒரே ஒரு வரி என்றார். அதை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.