கயிறு சுற்றிய சக்கரம்

எங்கள் பந்தயக் குழுவில் மூன்றே பேர். எஞ்சின் வேலை எனக்கு, வெல்டிங் வேலை வீரமுனை நண்பனுக்கு, ஓட்டுவது என் தங்கையின் மாப்பிள்ளையான மச்சான். கடல் வந்து கல்முனையில் இருந்த என் கராஜை அள்ளிக்கொண்டு போனபிறகு, சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்குப் பின்னால் கொட்டில் போட்டிருந்தேன். அங்கேதான், திருத்த வந்த உழவு மெஷின்களுக்கு நடுவே, எங்கள் மோட்டார் சைக்கிள் உருவானது. பார்க்க அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடற்கரைப் பந்தயங்களில் மச்சானை அடிக்க ஆளில்லை. ஆனால் நாட்டின் மேல் வகுப்பில் ஓடுவதென்றால், மலைநாட்டில் நடக்கும் தகுதிப் போட்டியில் முதல் மூன்று பேருக்குள் வரவேண்டும். யுத்தம் முடிந்து, செக்பொயின்டுக்குச் செக்பொயின்ட் வண்டியை இறக்கி ஏற்றும் தொல்லை தீர்ந்ததும் பெயரைக் கொடுத்தோம். மச்சானுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கட்டாரிலிருந்து டிரைவர் வேலைக்கு விசா வந்திருந்தது.

"மேல் வகுப்புக் கிடைச்சா நான் போகல்ல புள்ள," என்று தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். ஐந்து நேரத் தொழுகையிலும் அவள் அதையே கேட்டிருப்பாள்.

விதிப்புத்தகம் இங்கிலீசில் இருந்தது. தெரிந்த மாஸ்டர் ஒருவரைப் பிடித்து எஞ்சின் பகுதியை மூன்று தடவை வாசிக்கவைத்தேன். டயர் பகுதி வந்ததும், "அத உடுங்க சேர், டயர்ல என்ன சட்டம்?" என்று எழும்பிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

போட்டியன்று காலையில் வண்டிகளைப் பரிசோதித்தார்கள். எங்களுடையதில் ஒரு குறையும் இல்லை. பகல் மழை கொட்டியது. செம்மண் ஏற்றம் களியாகி, ஒத்திகை பார்க்கப் போன பெரிய குழுக்களின் வண்டிகள் பாதியில் நின்று சேற்றை வாரி இறைத்தன. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. விதைப்புக் காலத்தில் வரம்பு வழியே மோட்டார் சைக்கிள் கொண்டுபோகும் எந்த வயல்காரனைக் கேட்டாலும் இதற்கு மருந்து சொல்வான். நண்பன் லொறியில் கிடந்த தென்னந்தும்புக் கயிற்றைக் கொண்டுவந்தான். சக்கரக் கம்பிகளுக்கூடாக அதை விட்டு, பின் டயரைச் சுற்றிச் சுற்றி இறுக்கினோம். ஒளித்துச் செய்யவில்லை. பார்த்தவர்கள் கேலி பண்ணினார்கள்.

கொடி விழுந்தது. மற்றவர்கள் வழுக்கினார்கள், மச்சான் ஏறினான். ஒவ்வொரு சுற்றிலும் ஏறினான். இரண்டாவது ஆள் கோட்டைத் தாண்டியபோது இவன் ஹெல்மெட்டைக் கழற்றி முகமும் கழுவிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அனுபவித்ததில்லை.

அப்போது நடுவர் புத்தகத்தோடு வந்தார். டயரில் எதையும் கட்டக்கூடாதாம். எங்கள் பெயரை வெட்டினார். சண்டைக்குப் போன என்னை மச்சான் பிடித்து இழுத்தான். "உடு மச்சான், ஏறினத அவர் வெட்ட ஏலாதானே," என்றான்.

பின்னேரம் மைதானத்தை விட்டு வெளியேற வழியில்லை. பெரிய குழுக்களின் லொறிகளும் நடுவரின் ஜீப்பும் சேற்றில் புதைந்துவிட்டன. நடுவர் எங்களிடம் வந்து, கயிறு மிச்சம் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார்.

"புத்தகத்தில் அதற்கு இடமிருக்கிறதா சேர்?" என்று மச்சானும் சிங்களத்திலேயே கேட்டான். முதலில் சிரித்தவர் நடுவர்தான். ஒவ்வொரு வண்டியாகக் கயிறு சுற்றிக் கரையேற்றினோம். கடைசி லொறி ஏறியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டு வாசலில் தங்கை நின்றாள். "வெண்டீங்களா?"

"முதலாவதா வந்தன் புள்ள. ஆனா மேல எடுக்கல்ல," என்று மச்சான் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அப்ப போறீங்களா?" என்று கேட்டாள். "ஓம்," என்றான். அவள் அழுததையும் நான் மறைக்கவில்லை.

கட்டாரில் இறங்கியதும் எனக்குத்தான் முதலில் போன் எடுத்தான். கொழும்பு விமான நிலையத்தில் நிரப்பக் கொடுத்த துண்டில் தொழில் என்ன என்று கேட்டிருந்ததாம்.

"'மோட்டார் பந்தய வீரர்' எண்டு எழுதினன் மச்சான். அந்த ஒபிசர் என்னய ஒருக்காப் பாத்தார், துண்ட ஒருக்காப் பாத்தார். மறுகா சீலக் குத்தித் தந்திட்டார்."